வரி போட்டால் விலை ஏறும், ஏறினால் தேவை குறையும், குறைந்தால் விலை இறங்கும்: எங்கே தப்பு?

#1 முதல்வருடம்

தேவை, அளிப்பு பாடத்தில் ஒரு வட்டம் விடமாட்டேன் என்கிறது. ஒரு பண்டத்தின் மீது அரசு வரி போடுகிறது. விலை ஏறுகிறது. விலை ஏறினால் தேவை குறையும் என்பது விதி. தேவை குறைந்தால் விலை இறங்கும் என்பதும் அதே பாடத்தில்தான் இருக்கிறது. அப்படியானால் ஏறிய விலை பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். திரும்பினால் தேவை மறுபடி கூடும், விலை மறுபடி ஏறும்...

ஒவ்வொரு வாக்கியத்தையும் தனியாகப் பார்த்தால் சரி. சேர்த்துப் பார்த்தால் அபத்தம். எந்த இடத்தில் கால் இடறுகிறது? முடிந்தால் எண்களோடு சொல்லுங்கள்.

#2 கத்திரிக்கோல்

"தேவை" என்ற சொல் உங்கள் வாதத்தில் இரண்டு பொருளில் வருகிறது. இடறல் அங்கேதான்.

"விலை ஏறினால் தேவை குறையும்" என்பதில் குறைவது தேவை அளவு. தேவைக்கோடு (ஒவ்வொரு விலையிலும் எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டும் கோடு) இருந்த இடத்திலேயே இருக்கிறது, நாம் அதன் மேல் ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு நகர்கிறோம். "தேவை குறைந்தால் விலை இறங்கும்" என்பதில் குறைவது தேவைக்கோடே. அது முழுதாக இடப்பக்கம் பெயர்கிறது. வருமானம், ரசனை, பதிலீட்டுப் பண்டத்தின் (இதற்குப் பதிலாக வாங்கக்கூடியது) விலை, நிரப்புப் பண்டத்தின் (இதோடு சேர்த்துப் பயன்படுவது) விலை, வாங்குவோர் எண்ணிக்கை, எதிர்பார்ப்பு ஆகியவற்றில் ஒன்று மாறினால்தான் அது நடக்கும். அதே பண்டத்தின் விலை அந்தப் பட்டியலில் இல்லை. வரி வந்ததால் யாருடைய வருமானமும் ரசனையும் மாறவில்லை. ஆகவே இரண்டாவது வாக்கியத்தை இங்கே கூப்பிட உங்களுக்கு உரிமை இல்லை.

#3 சாய்வுமானி

எண்கள் கேட்டிருக்கிறீர்கள். எளிய நேர்கோடுகளே போதும்.

தேவை அளவு = 100 − 2 × விலை
அளிப்பு அளவு = 4 × விலை − 20

இரண்டையும் சமப்படுத்தினால் 6 × விலை = 120. சமநிலை விலை 20, அளவு 60.

இப்போது விற்பவரிடம் அலகுக்கு 6 வரி. விற்பவர் கையில் நிற்பது விலையில் 6 போக மீதி. ஆகவே அளிப்புச் சமன்பாட்டில் விலை இருந்த இடத்தில் (விலை − 6) வரும்: 4 × (விலை − 6) − 20, அதாவது 4 × விலை − 44. தேவைச் சமன்பாட்டைத் தொடக்கூடாது. சமப்படுத்தினால் 6 × விலை = 144. புதிய விலை 24, அளவு 52. விற்பவருக்கு வரி போக 18.

இந்த 24-இல் விலை ஏன் நிற்கிறது என்பதுதான் உங்கள் கேள்விக்கான பதில். விலை 23 ஆக இருந்தால் வாங்க விரும்புவது 54, விற்க விரும்புவது 48. 6 அலகு போதவில்லை, விலை மேலே தள்ளப்படும். விலை 25 ஆனால் வாங்க விரும்புவது 50, விற்க விரும்புவது 56. 6 அலகு தேங்கும், விலை கீழே வரும். 24-இல் இரண்டும் 52. விலையை இறக்க வேண்டுமானால் விற்காத சரக்கு தேங்க வேண்டும். 24-இல் தேக்கமே இல்லை. வாங்கும் அளவு 60-லிருந்து 52-க்குக் குறைந்திருக்கிறது, உண்மை. ஆனால் விற்க விரும்பும் அளவும் 52-க்குக் குறைந்திருக்கிறது. உங்கள் வட்டத்தில் இந்த இரண்டாவது பாதி இல்லை.

#4 முதல்வருடம்

புரிந்தது. ஆனால் ஒன்று உறுத்துகிறது. வரி 6, விலை ஏறியது 4 மட்டும். விற்பவரிடம் வசூலித்த வரியில் 2-ஐ மட்டும் அவர் தாங்குகிறார், 4-ஐ வாங்குபவர் தலையில் கட்டுகிறார். இதையே வாங்குபவரிடம் வசூலித்தால் அவர் 6-ஐயும் கட்ட வேண்டியதுதானே?

#5 சாய்வுமானி

போட்டுப் பாருங்கள். இப்போது வாங்குபவர் செலவழிப்பது விலை + 6. தேவை அளவு = 100 − 2 × (விலை + 6), அதாவது 88 − 2 × விலை. அளிப்பு பழையபடி 4 × விலை − 20. சமப்படுத்தினால் 6 × விலை = 108, விலை 18. வாங்குபவர் கடையில் 18, வரியாக 6, மொத்தம் 24. விற்பவர் கையில் 18. அளவு 52. எல்லாம் அதே எண்கள்.

சட்டம் யார் பெயரில் ரசீது எழுதுகிறது என்பதைப் பொறுத்துச் சுமை பிரிவதில்லை. எந்தப் பக்கம் விலைக்குக் குறைவாக அசைந்து கொடுக்கிறதோ அந்தப் பக்கம் அதிகம் தாங்கும். நேர்கோடுகளில் குறுக்குவழி உண்டு. விலையின் முன்னால் நிற்கும் எண்கள் தேவைக்கு 2, அளிப்புக்கு 4. வாங்குபவர் பங்கு 4/(2+4), விற்பவர் பங்கு 2/(2+4). எதிர்ப்பக்கத்தின் எண் நம் பங்குக்கு மேலே வருகிறது என்பதைக் கவனியுங்கள். தேர்வில் பாதிப்பேர் இதைத் தலைகீழாக எழுதுகிறார்கள்.

இரண்டு ஓரங்களையும் பார்த்துவிடலாம். அளிப்பு விலைக்குச் சற்றும் அசையாவிட்டால் முழு வரியும் விற்பவருக்கே. நிலத்தின் மொத்த அளவு இதற்கான வழக்கமான எடுத்துக்காட்டு. 1879-இல் அமெரிக்கப் பொருளியல் எழுத்தாளர் ஹென்றி ஜார்ஜ் நில மதிப்பின் மீதான வரிக்காக வாதாடியபோது அவருக்குப் பிடிமானமாக இருந்த ஒரு வாதம் இது. மறுபக்கம், நீண்ட காலத்தில் அலகுச் செலவு மாறாமல் எவ்வளவு வேண்டுமானாலும் உற்பத்தி செய்யக்கூடிய தொழிலில் அளிப்புக்கோடு கிடைமட்டமாகிவிடும். அங்கே முழு வரியும் வாங்குபவருக்கு. அதனால் "இந்த வரி யார் மேல்?" என்ற கேள்விக்குக் குறுகிய காலத்துக்கு ஒரு பதிலும் நீண்ட காலத்துக்கு வேறு பதிலும் வரலாம்.

#6 நிழல்விலை

மேலே சொன்ன "யாரிடம் வசூலித்தாலும் ஒன்றே" என்பதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது, பாடங்களில் அது அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை. விலை சுதந்திரமாக நகர வேண்டும்.

அதே சந்தையில் விற்பனை விலை 20-ஐத் தாண்டக்கூடாது என்று ஏற்கெனவே ஓர் ஆணை இருப்பதாக வையுங்கள். வாங்குபவரிடம் தனியாக 6 வசூலித்தால் விற்பனை விலை 18 ஆகிறது. 20-க்குக் கீழேதான், ஆணை யாரையும் தொடாது, 52 அலகு கைமாறும். அதே 6-ஐ விற்பவரிடம் வசூலித்தால் விலை 24-க்குப் போகப் பார்க்கும், ஆணை தடுக்கும், 20-இல் நிற்கும். விற்பவர் கையில் 14. அவர் தருவது 4 × 14 − 20 = 36. வாங்க விரும்புவது 60. பற்றாக்குறை 24. ரசீதில் பெயர் மாறியது, சந்தை வேறாகிவிட்டது.

இன்னொன்று. சாய்வுமானி எடுத்தது அலகு வரி. விழுக்காட்டு வரியானால் கோடு இணையாக மேலே போகாது, சாய்வு மாறும். விற்பவர் விலையில் 30 விழுக்காடு வரி என்றால் பலர் 20-இல் 30 விழுக்காடு 6 என்று எடுத்துக்கொண்டு அதே 24-ஐ எழுதிவிடுகிறார்கள். தவறு. வாங்குபவர் விலை = 1.3 × விற்பவர் விலை. 100 − 2.6 × வி.வி. = 4 × வி.வி. − 20. விற்பவர் விலை 18.18, வாங்குபவர் விலை 23.64, அளவு 52.73, அலகுக்கு வரி 5.45. வரி கணக்காவது வரிக்குப் பிந்திய விற்பவர் விலையின் மேல், பழைய 20-இன் மேல் அல்ல.

#7 மூன்றாம்பெஞ்ச்

விலைக்கு அசைஞ்சு கொடுக்கறது பத்திப் பேச்சு வந்ததால கேக்கறேன். அதை அளக்கறதுதானே நெகிழ்ச்சி, அளவு மாற்ற விழுக்காட்டை விலை மாற்ற விழுக்காட்டால வகுக்கறது. இதே தேவைக்கோட்டுல விலை 20-லேருந்து 25 ஆச்சுன்னா அளவு 60-லேருந்து 50. விலை மாற்றம் 25%, அளவு மாற்றம் 16.7%. நெகிழ்ச்சி 0.67. சரி, திரும்பி வாங்க: 25-லேருந்து 20. விலை 20% இறங்குது, அளவு 50-லேருந்து 60, அதாவது 20% ஏறுது. நெகிழ்ச்சி 1. போற வழிக்கு ஒரு விடை, வர்ற வழிக்கு ஒரு விடையா?

#8 கத்திரிக்கோல்

விழுக்காட்டின் அடிமானம் மாறுவதால் வரும் தொல்லை. அடிமானமாக நடுப்புள்ளியை எடுங்கள். விலை மாற்றம் 5, நடு விலை 22.5: 22.2 விழுக்காடு. அளவு மாற்றம் 10, நடு அளவு 55: 18.2 விழுக்காடு. நெகிழ்ச்சி 0.82, எந்தத் திசையில் போனாலும்.

இன்னும் மோசமான குழப்பம், சாய்வையே நெகிழ்ச்சி என்று நினைப்பது. இந்தக் கோட்டின் சாய்வு எங்கும் ஒன்றுதான். நெகிழ்ச்சி அப்படியல்ல: விலை 10-இல் 0.25, 25-இல் சரியாக 1, 40-இல் 4. "இந்தப் பண்டத்தின் தேவை நெகிழ்ச்சியற்றது" என்று யாராவது சொன்னால் எந்த விலையில் என்று கேளுங்கள். அதேபோல, இரண்டு படங்களில் ஒரு கோடு படுத்தும் மற்றொன்று நின்றும் தெரிவதை வைத்து நெகிழ்ச்சியை ஒப்பிடாதீர்கள். அச்சின் அளவுகோலை மாற்றினால் படுத்தது எழுந்துவிடும்.

பயன் என்ன என்றால், வருவாய். நெகிழ்ச்சி 1-க்குக் கீழே இருக்கும்வரை விலையை ஏற்றினால் மொத்த விற்பனை வருவாய் கூடும். விலை 20-இல் 1200, 25-இல் 1250, 30-இல் மறுபடி 1200. உச்சி 25. இது வருவாயின் உச்சி, லாபத்தின் உச்சி அல்ல. செலவு இன்னும் கணக்குக்கு வரவில்லை.

#9 எச்சம்47

வரி வந்ததும் 8 அலகு வியாபாரம் காணாமல் போனதை யாரும் தொடவில்லை.

வரிக்கு முன் நுகர்வோர் உபரி (வாங்குபவர் தரத் தயாராக இருந்ததில் கொடுத்தது போக மீதி): தேவைக்கோடு விலை அச்சை 50-இல் தொடுகிறது, ஆக ½ × 30 × 60 = 900. உற்பத்தியாளர் உபரி (விற்பவருக்குக் கிடைத்ததில் அவர் குறைந்தபட்சம் கேட்டிருக்கக்கூடியது போக மீதி): அளிப்புக்கோடு 5-இல் தொடங்குகிறது, ½ × 15 × 60 = 450. மொத்தம் 1350. வரிக்குப் பின் நுகர்வோர் உபரி 676, உற்பத்தியாளர் உபரி 338, அரசுக்கு 6 × 52 = 312. மொத்தம் 1326. மீதி 24 யாருக்கும் போய்ச் சேரவில்லை. அந்த 8 அலகையும் ஒருவர் 20-க்கு மேல் கொடுத்து வாங்கத் தயார், இன்னொருவர் 20-க்குக் கீழே கிடைத்தாலும் விற்கத் தயார். இருந்தும் இருவருக்கும் நடுவே இருந்த இடைவெளி 6-க்கும் குறைவு என்பதால் வியாபாரம் நடக்கவில்லை. ½ × 6 × 8 = 24.

இப்போது வரியை இரட்டிப்பாக்குங்கள், 12. விலை 28, அளவு 44. இழப்பு ½ × 12 × 16 = 96. வரி 2 மடங்கு, இழப்பு 4 மடங்கு. வரி வருவாயோ 312-லிருந்து 528 தான், இரட்டிப்புகூட இல்லை. வரி 22.5-ஐத் தாண்டினால் வருவாயே குறையத் தொடங்கும் (அங்கே அளவு 30, வருவாய் 675). வரி 45-இல் வியாபாரம் பூச்சியம். ஒரே பண்டத்தின் மீது பெரிய வரி போடுவதைவிடப் பல பண்டங்களின் மீது சிறிய வரி போடுவதை நிதித்துறைகள் விரும்புவதற்கு இந்த வர்க்கக் கணக்கு ஒரு காரணம்.

இதை "வரியே கெடுதல்" என்று படிக்க வேண்டாம். 312 வேறு யார் கைக்கோ போகிறது, தொலைந்தது 24 மட்டும். அந்தப் பண்டம் புகையோ கழிவோ கக்கி மூன்றாம் மனிதருக்குச் செலவு வைப்பதாக இருந்தால் அந்த 8 அலகு குறைவது நட்டமே அல்ல, லாபமாகக்கூட இருக்கலாம். ஆங்கிலப் பொருளியலாளர் ஆர்தர் பிகூ 1920-இல் வைத்த வாதம் அதுதான்.

#10 மூன்றாம்பெஞ்ச்

கணக்கெல்லாம் அழகா வருது. ஆனா நிஜத்துல விலையும் ஏறுது, விற்பனையும் ஏறுது, ரெண்டும் சேர்ந்தே ஏறுதே? பத்து வருஷ விலையையும் விற்பனையையும் படத்துல புள்ளி வெச்சா கோடு மேல்நோக்கித்தான் போகுது. தேவை விதி தோத்துப் போச்சா?

#11 எச்சம்47

நீங்கள் புள்ளி வைத்தது தேவைக்கோட்டை அல்ல. ஒவ்வொரு புள்ளியும் அந்தந்த ஆண்டின் சமநிலை, அதாவது இரண்டு கோடுகள் வெட்டிக்கொண்ட இடம்.

மேலே உள்ள சந்தையையே எடுத்துக்கொள்ளுங்கள். மக்கள் வருமானம் கூடி, தேவை 130 − 2 × விலை ஆகிவிட்டது. அளிப்பு மாறவில்லை. புதிய சமநிலை: விலை 25, அளவு 80. முந்தைய புள்ளி (20, 60). இரண்டையும் இணைத்தால் மேல்நோக்கிய கோடு. அது என்ன கோடு? 4 × 25 − 20 = 80. அளிப்புக்கோடு! தேவைக்கோடு நகர்ந்ததால் அளிப்புக்கோடுதான் வெளியே தெரிந்திருக்கிறது.

வரி போட்டபோது கிடைத்த புள்ளியோ (24, 52). (20, 60)-உடன் இணைத்தால் விலை 4 ஏறினதற்கு அளவு 8 குறைவு, அலகுக்கு 2. அது தேவைக்கோட்டின் எண். அளிப்பு நகர்ந்ததால் தேவை தெரிகிறது.

இரண்டும் ஒரே நேரத்தில் நகர்ந்தால்? வருமானமும் கூடி வரியும் வந்தால் விலை 29, அளவு 72. (20, 60)-இலிருந்து (29, 72)-க்கு இழுத்த கோடு தேவையும் அல்ல, அளிப்பும் அல்ல. அதற்குப் பெயரே கிடையாது. பத்தாண்டுத் தரவில் பெரும்பாலும் இந்த மூன்றாவது வகைதான் இருக்கும்.

இதைத் தெளிவாக எடுத்து எழுதியவர் எல்மர் வொர்க்கிங், 1927-இல். அடுத்த ஆண்டே ஃபிலிப் ரைட் வழி சொன்னார்: ஒரு கோட்டை மட்டும் அசைத்து மற்றதைத் தொடாத ஒரு காரணியைப் பிடியுங்கள். விளைச்சலைப் பாதிக்கும் மழை அளிப்பை மட்டும் அசைக்கும். அதைக் கொண்டு தேவையை அளக்கலாம். மழை வாங்குபவர் மனநிலையையும் மாற்றும் பண்டமானால் (குடை!) அந்தக் கருவி உதவாது.

வரிக் கதைகளைப் படிக்கும்போதும் இந்தக் கண் வேண்டும். அமெரிக்காவில் 1990-இல் சட்டமாகி 1991-இல் நடைமுறைக்கு வந்த ஆடம்பர வரியில், படகு விலையில் 1 லட்சம் டாலருக்கு மேற்பட்ட பகுதிக்கு 10 விழுக்காடு. படகு விற்பனை விழுந்தது, 1993-இல் வரி நீக்கப்பட்டது. வாங்கும் பணக்காரர் வேறு ஆடம்பரத்துக்கு நகர்ந்துவிட்டார், அடி படகு கட்டும் தொழிலாளிக்கு என்று பாடங்களில் சொல்வார்கள். சுமை பற்றிய தர்க்கம் சரி. ஆனால் 1990 ஜூலையிலிருந்து 1991 மார்ச் வரை அங்கே பொருளாதார மந்தம். தேவைக்கோடும் இடப்பக்கம் பெயர்ந்த நேரம் அது. விற்பனைச் சரிவு முழுவதையும் வரியின் கணக்கில் எழுதுவது (29, 72)-ஐத் தேவைக்கோடு என்று சொல்வதற்குச் சமம்.

#12 நிழல்விலை

இந்த இடத்தில் யாராவது "கிஃபன் பண்டம்" என்று சொல்லப் போகிறார்கள், முன்கூட்டியே: விலை ஏற ஏற அதிகம் வாங்கினால் எல்லாம் கிஃபன் ஆகிவிடாது. பண்டம் தாழ்ந்த வகையாக இருக்க வேண்டும் (வருமானம் கூடினால் குறைவாக வாங்கப்படுவது), குடும்பச் செலவில் பெரும் பங்கை விழுங்க வேண்டும், வருமான விளைவு (விலையேற்றத்தால் கையில் உள்ள பணத்தின் வாங்கும் சக்தி குறைவது) பதிலீட்டு விளைவை (வேறு பண்டத்துக்கு நகர்வது) மிஞ்ச வேண்டும். அப்படி ஒன்றைக் காட்ட ராபர்ட் ஜென்சன், நோலன் மில்லர் இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வுக்குச் சீனாவின் ஹூனான் மாகாணத்து ஏழைக் குடும்பங்கள் வரை போக வேண்டியிருந்தது. அவ்வளவு அபூர்வம்.

பங்கு விலை ஏறும்போது கூட்டம் முண்டியடிப்பது வேறு. இன்னும் ஏறும் என்ற எதிர்பார்ப்பு தேவைக்கோட்டை வலப்பக்கம் தள்ளுகிறது. #2-இல் உள்ள பட்டியலைப் பாருங்கள்.

#13 முதல்வருடம்

ஒரு சின்னக் கேள்வி. கணிதத்தில் காரணம் கிடைமட்ட அச்சில், விளைவு செங்குத்து அச்சில். இங்கே விலைதான் காரணம் என்கிறோம், ஆனால் அது செங்குத்து அச்சில் நிற்கிறது. ஏன்?

#14 கத்திரிக்கோல்

காரணம் ஆங்கிலப் பொருளியலாளர் மார்ஷல். 1838-இல் பிரெஞ்சுப் பொருளியலாளர் கூர்னோ விலையைக் கிடைமட்டத்தில்தான் வைத்தார். 1890-இல் ஆல்ஃபிரட் மார்ஷல் வேறு விதமாக யோசித்தார்: இத்தனை அலகு சந்தைக்கு வந்தால் வாங்குபவர் கடைசி அலகுக்கு எவ்வளவு தரத் தயார் என்பது அவர் கேள்வி. அங்கே அளவு முதலில், விலை பிறகு. படம் அவருடையது, நாம் வாயால் சொல்வது மற்றவருடையது. கலவை அப்படியே ஒட்டிக்கொண்டது.

நடைமுறையில் கவனிக்க வேண்டியது: 100 − 2 × விலை என்ற சமன்பாட்டைப் படமாக வரையும்போது முதலில் விலை = 50 − ½ × அளவு என்று திருப்பி எழுதுங்கள். திருப்பாமல் 2-ஐச் சாய்வாக வரைந்தால் #9-இன் முக்கோணம் எதுவும் சரியாக வராது. அதேபோல, வரி அளிப்புக்கோட்டைச் செங்குத்தாக 6 மேலே தூக்குகிறது. இடப்பக்கம் 6 அல்ல. இடப்பக்கம் நகர்வது 24.

#15 முதல்வருடம்

அளிப்புக்கோட்டின் மேல் ஒரு கேள்வி. அது எங்கிருந்து வருகிறது? உற்பத்தியாளர் தன் சராசரிச் செலவைப் பார்த்து, விலை அதற்கு மேல் இருக்கும்வரை உற்பத்தியைக் கூட்டுவார் என்று எடுத்துக்கொள்ளலாமா?

#16 சாய்வுமானி

கூடாது. இறுதிநிலைச் செலவைப் பார்ப்பார். அடுத்த ஓர் அலகு கூடுதலாகச் செய்தால் மொத்தச் செலவு எவ்வளவு ஏறும், அது.

10 அலகுக்கு மொத்தச் செலவு 200, சராசரி 20. 11 அலகுக்கு 231, சராசரி 21. சந்தை விலை 25. சராசரி 21 தானே, விலை 25 இருக்கிறதே என்று 11-ஆவது அலகையும் செய்தால், அந்த ஓர் அலகுக்காகச் செலவு 31 கூடுகிறது, வருவது 25. லாபம் 50-லிருந்து 44-க்கு இறங்குகிறது. சராசரியில் பழைய அலகுகளின் மலிவு கலந்து கிடப்பதால் அது புதிய அலகின் விலையுயர்வை மறைத்துவிடுகிறது.

அடுத்து, எந்த விலைக்குக் கீழே உற்பத்தியை நிறுத்த வேண்டும்? குறுகிய காலத்தில் எல்லை, சராசரி மாறும் செலவின் (உற்பத்தி அளவோடு ஏறி இறங்கும் செலவு) மிகக் குறைந்த புள்ளி. எண்களாக: நிலையான செலவு 1000, அலகுக்கு மாறும் செலவு 8, அதிகபட்சம் 400 அலகு. விலை 9 என்றால் வருவாய் 3600, மாறும் செலவு 3200, மீதி 400. நிலையான செலவைக் கழித்தால் நட்டம் 600. மூடினால் நட்டம் 1000. ஓட்டுவதே மேல். விலை 7 ஆனால் வருவாய் 2800, மாறும் செலவே 3200. ஓட்டினால் நட்டம் 1400, மூடினால் 1000. மூட வேண்டும். ஆகப் போட்டிச் சந்தையில் ஒரு நிறுவனத்தின் அளிப்புக்கோடு என்பது அந்த எல்லைக்கு மேலே இருக்கும் இறுதிநிலைச் செலவுக்கோட்டின் பகுதி. எல்லா நிறுவனங்களின் கோடுகளையும் ஒவ்வொரு விலையிலும் அளவுவாரியாகக் கூட்டினால் சந்தை அளிப்பு. விலைவாரியாகக் கூட்டிவிடாதீர்கள்.

முற்றுரிமையாளருக்கு (சந்தையில் ஒரே விற்பவர்) அளிப்புக்கோடு என்று ஒன்று கிடையாது. அவர் விலையைப் பார்த்து அளவைத் தீர்மானிப்பவர் அல்லர். அது வேறு பாடம்.

#17 மூன்றாம்பெஞ்ச்

அப்போ 600 நட்டத்துல காலம் முழுக்க ஓட்டணுமா? வெளங்கினாப்லதான்.

#18 நிழல்விலை

குறுகிய காலம் என்ற சொல்லுக்கு அதுதான் பொருள்: நிலையான செலவிலிருந்து தப்ப முடியாத காலம். குத்தகை முடியும் நாளில் 1000-மும் தவிர்க்கக்கூடிய செலவாகிவிடும், அன்று விலை 9 போதாது. இந்த எண்களில் 8 + 2.5 (1000-ஐ 400 அலகுக்குப் பிரித்தது) = 10.5 கிடைக்காவிட்டால் கிளம்ப வேண்டியதுதான்.

"நிலையான" என்பதையும் "மூழ்கிய" என்பதையும் ஒன்றாக்கக் கூடாது. அந்த 1000-இல் 500-ஐ இயந்திரத்தை வாடகைக்கு விட்டு மீட்க முடியுமானால் மூடும்போது நட்டம் 500 மட்டும். அப்போது 600 நட்டத்தில் ஓட்டுவது முட்டாள்தனம். 300 மட்டும் மீளும் என்றால் மூடும் நட்டம் 700, ஓட்டுவது சரி. கணக்கில் விட வேண்டியது திரும்பவே வராத பகுதியை. நிலையான செலவு முழுவதையும் அல்ல. அந்த இயந்திரத்தின் வாடகை மதிப்புதான் அதை நீங்களே வைத்துக்கொள்வதன் வாய்ப்புச் செலவு. பணமாக யாருக்கும் கொடுக்காததால் கணக்குப் பதிவேட்டில் அது தெரியாது.

#19 முதல்வருடம்

இரண்டு பயிற்சிக் கணக்குகளை அதே சந்தையில் போட்டேன், சரிபாருங்கள்.

முதலாவது, விற்பவருக்கு அலகுக்கு 6 மானியம். விலை 20-லிருந்து 14. தேவை அளவு 72. அரசுக்குச் செலவு 432.

இரண்டாவது, விலை 15-ஐத் தாண்டக்கூடாது என்று ஆணை. தேவை 70 ஆனது, அளிப்பு 40. நடுவில் 55 அலகு விற்பனையாகும் என்று எழுதியிருக்கிறேன்.

#20 சாய்வுமானி

மானியம் எதிர்மறை வரி, ஆகவே அதுவும் பிரியும். விற்பவர் கையில் விலை + 6. அளிப்பு அளவு = 4 × (விலை + 6) − 20 = 4 × விலை + 4. சமப்படுத்தினால் விலை 16, விற்பவருக்கு 22, அளவு 68, அரசுக்குச் செலவு 408. உங்கள் 14-இல் சோதித்துப் பாருங்கள்: வாங்க விரும்புவது 72, விற்க விரும்புவது 60. அது சமநிலையே அல்ல. விடை எழுதியதும் இப்படி இரண்டு சமன்பாட்டிலும் போட்டுப் பார்க்க 10 நொடிதான் ஆகும்.

நுகர்வோர் உபரி 256 கூடுகிறது, உற்பத்தியாளர் உபரி 128 கூடுகிறது. மொத்தம் 384, செலவு 408. இங்கேயும் 24 கசிகிறது. இம்முறை, செய்யாமல் விட்டிருக்க வேண்டிய 8 அலகைச் செய்ததால்.

#21 கத்திரிக்கோல்

இரண்டாவதில் நடுவெடுக்க ஒன்றும் இல்லை. விற்க விரும்பாதவரிடமிருந்து வாங்க முடியாது. இரண்டில் சிறியதுதான் கைமாறும்: 40. பற்றாக்குறை 30.

அந்த 40-ஆவது அலகுக்கு வாங்குபவர் 30 வரை தரத் தயார், ஆணையோ 15. நடுவில் உள்ள 15 சும்மா இருக்காது. வரிசையில் நிற்கும் நேரமாகவோ, மறைமுகப் பணமாகவோ, தரக் குறைவாகவோ வெளியே வரும். உச்ச விலையை 25 என்று வைத்திருந்தால் எதுவும் நடந்திருக்காது, அது சமநிலைக்கு மேலே இருக்கிறது.

பிறகு, "தேவை 70 ஆனது" என்று எழுதியிருக்கிறீர்கள். தேவை அளவு. கோடு எங்கும் போகவில்லை.